காவேரின்னு பேர் வைக்கப் பயந்தவன்

போன வாரம் வியாழக்கிழமை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. சில்க் போர்டு சிக்னல்ல முக்கால் மணி நேரம் நின்னு, அடுகோடி வந்து சேரும்போது மணி எட்டரை. ஷூவைக் கழட்டுறதுக்குள்ள பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டா.

"அப்பா, 'என் பேரோட கதை'ன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லிருக்காங்க. என் பேருக்கு என்ன அர்த்தம்? யார் வெச்சது? ஏன் வெச்சீங்க?"

இதென்ன பிரமாதம்னு உக்காந்தேன். உக்காந்த பிறகுதான் தெரிஞ்சுது, மாட்டிக்கிட்டோம்னு.

என் பொண்ணுக்கு ரெண்டு பேரு. ஸ்கூல் பேரு ஒண்ணு. அதை இங்க எழுதப் போறதில்ல, பிள்ளைங்க பேரை ஊருக்கெல்லாம் சொல்ற பழக்கம் எங்க வீட்ல கிடையாது. நடுவுல ஒரு 'ஷ'வும் கடைசியில ஒரு 'கா'வும் வரும்னு மட்டும் வெச்சுக்கோங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு தேடினா, ஒரு இடத்துல 'பிரகாசம்'ங்கிறான், இன்னொரு இடத்துல 'லட்சுமி'ங்கிறான், மூணாவது ஆளு 'அன்பானவள்'ங்கிறான். எதுக்கும் தாய் தகப்பன் தெரியலை.

இன்னொண்ணு வீட்டுப் பேரு. காவேரி. என் அப்பாயி பேரு.

"அப்ப நான் காவேரியைப் பத்தி எழுதவா?"ன்னு கேட்டா. "அது ஸ்கூல் பேரு இல்லையேம்மா"ன்னேன். அடுத்து அவ கேட்டதுதான் இந்தப் பதிவை எழுத வெச்சுது.

"எங்க கிளாஸ்லயே ரெண்டு காவேரி இருக்காங்கப்பா. ஒருத்தி மடிக்கேரி, இன்னொருத்தி மண்டியா. அவங்களுக்கெல்லாம் ஸ்கூல்லயும் காவேரி. நான் மட்டும் ஏன் வீட்ல காவேரி?"

தங்கமணி அடுக்களையிலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம், "சொல்லுங்க, இப்ப சொல்லுங்க"ங்கிறது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

எங்களுக்கு மாயவரம் பக்கம். அப்பாயி பேரு காவேரி. அவங்க வயசுல எங்க ஊர்த் தெருவுக்கு ஒரு காவேரியாவது இருப்பாங்க. காவேரி, காவேரியம்மாள், பொன்னின்னு விதவிதமா. பொண்ணு பொறந்தது 2016 ஆகஸ்டுல, ஆடிப்பெருக்கு முடிஞ்சு பத்தாம் நாள், இங்க பெங்களூர்லயே. போன்ல சொன்னப்ப அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எங்கம்மா வந்துட்டாடா." பேர் அப்பவே முடிவாயிடுச்சு. செப்டம்பர் 14 புதன்கிழமை தொட்டில் போட்டுப் பேர் வைக்கிறதா ஏற்பாடு. அப்பாவும் அம்மாவும் மாயவரம் – மைசூர் எக்ஸ்பிரஸ்ல வர டிக்கெட் போட்டாச்சு.

அந்த வருஷம் ஜூன் 12ந் தேதி மேட்டூர் திறக்கலை. குறுவை போச்சு. இங்க கர்நாடகாவுலயும் மழை இல்ல, கிருஷ்ணராஜ சாகர்ல தண்ணி இல்ல. செப்டம்பர் 5ந் தேதி சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 15,000 கன அடி விடச் சொல்லுச்சு. 12ந் தேதி திங்கட்கிழமை அதை 12,000 கன அடின்னு மாத்துச்சு. அன்னிக்குக் காலையில சென்னையில கன்னடக்காரங்க நடத்துற ஒரு ஓட்டலைத் தாக்கின செய்தியும் வந்துச்சு. மதியத்துக்கு மேல பெங்களூர் எரிய ஆரம்பிச்சுது. தமிழ்நாட்டு நம்பர் போட்ட பஸ், லாரியெல்லாம் கொளுத்தினாங்க. ஒரே டிப்போவுல மட்டும் முப்பதுக்கும் மேல பஸ். ஊர் பூரா 144.

ஆபீஸ்ல மூணு மணிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. பஸ், ஆட்டோ எதுவும் இல்ல. பொம்மனஹள்ளியிலேர்ந்து நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒரே கவலை, வீட்டு வாசல்ல டிஎன் நம்பர் போட்ட கார் நிக்குது. வந்து பார்த்தா காரைக் காணோம். பக்கத்து வீட்டு அங்கிள், ஹாசன்காரர், தங்கமணிகிட்ட சாவி வாங்கி அவர் வீட்டு ஷெட்டுக்குள்ள தள்ளி, மேல பழைய தார்ப்பாயைப் போட்டு மூடி வெச்சிருந்தார். "பாபு, ரெண்டு நாளைக்கு எடுக்காதீங்க"ன்னார். அவ்வளவுதான். அதுக்கு மேல அதைப் பத்தி அவர் பேசினதே இல்ல.

அப்பா அம்மா டிக்கெட்டை கேன்சல் பண்ணினோம். பேர் வைக்கிறது தள்ளிப் போச்சு. அந்த வாரம் நண்பர் ஒருத்தர் போன்ல, "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு, இந்த நேரத்துல, காவேரின்னா பேர் வைக்கப் போற? நாளைக்கு ஸ்கூல்ல பிள்ளையைக் கிண்டல் பண்ண மாட்டாங்களா? வம்பை விலை கொடுத்து வாங்காதே"ன்னார். அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனா அவர் சொல்றதுக்கு முன்னாடியே என் மனசுக்குள்ள அது ஓடிக்கிட்டு இருந்துச்சு. வெளியிலேர்ந்து ஒருத்தர் சொன்னதும் சாக்கு கெடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

பிறப்புச் சான்றிதழ்ல பேர் போடாமலே விட்டோம். (பலருக்குத் தெரியாத விஷயம்: 1969ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை பேரை உடனே சேர்க்கணும்னு அவசியமில்ல. 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேர்க்கலாம், அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம்.) எல்கேஜி அட்மிஷன் வந்தப்ப வேற வழியில்லாம அந்த 'ஷ' பேரை எழுதிக் கொடுத்தேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா இன்னிக்கு வரைக்கும் அவர் வாயிலேர்ந்து அந்த ஸ்கூல் பேரு வந்ததில்ல.

சரி, ஹோம்வொர்க்குக்கு வருவோம். காவேரின்னா என்ன அர்த்தம்?

நம்ம தமிழாசிரியர்கள் சொல்லிக் கொடுத்தது கா + விரி. கா-ன்னா சோலை. போற வழியெல்லாம் சோலையை விரிச்சுக்கிட்டே போறதால காவிரி. இன்னொரு கதை, பிள்ளையார் காக்கா உருவத்துல வந்து அகத்தியரோட கமண்டலத்தைத் தட்டி விட்டார், காகம் விரிச்சதால காவிரி. மூணாவது, கவேர முனிவரோட பொண்ணு, அதனால காவேரி. ஜனகன் மகள் ஜானகி மாதிரி. சமஸ்கிருத அகராதியைப் புரட்டினா நாலாவதா ஒண்ணு கெடைக்குது. காவேரம்னா குங்குமப்பூ, காவேரின்னா மஞ்சள். புது வெள்ளம் வரும்போது ஆத்துத் தண்ணி கலரைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். நம்மாளுங்க பொன்னின்னு சொன்னதும் அதே கலரைப் பார்த்துத்தானோ என்னவோ.

இதுல எது சரின்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. பேர் முதல்ல வந்திருக்கும், அர்த்தமெல்லாம் ஆத்தைப் பார்த்து ஆளாளுக்குப் பின்னாடி சொன்னதா இருக்கும்ங்கிறது என் கட்சி. பேர் எவ்வளவு பழசுன்னா, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுல தாலமின்னு ஒரு கிரேக்கர் எழுதின நிலவியல் நூல்லயே இந்த ஆறும், அது கடல்ல சேர்ற இடத்துல இருந்த 'காபேரிஸ்'ங்கிற துறைமுகமும் வந்துடுச்சு. நம்ம காவிரிப்பூம்பட்டினம்தான் அது.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. மணிமேகலைப் பதிகத்துல, காந்தமன்ங்கிற சோழ ராஜா வேண்டிக்கிட்டதுக்காக அகத்தியர் கமண்டலத்தைக் கவுத்துவிட, காவிரி ஓடி வந்தாள்னு கதை. குடகுல கேட்டா, காவேரி கவேர முனிவரோட பொண்ணு, அகத்தியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. தன்னைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நிபந்தனை போட்டா, அவர் கமண்டலத்துல அடைச்சு வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டார், இவ கோவிச்சுக்கிட்டு ஆறா ஓடிட்டா. அதே அகத்தியர், அதே கமண்டலம். அங்க பெண்டாட்டி கோவம், இங்க ராஜாவுக்கு வரம். ரெண்டு ஊரும் ஒரே பொண்ணைப் பத்தித்தான் பேசுது, ஒண்ணு பொறந்த வீடு, இன்னொண்ணு புகுந்த வீடு.

குடகுப் பெண்கள் சேலைக் கொசுவத்தைப் பின்னால வெச்சுக் கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. காவேரி ஓடின வேகத்துல கொசுவம் பின்னால தள்ளிடுச்சு, அதான் அப்படிக் கட்டுறோம்னு அவங்க சொல்வாங்க. காவேரி அவங்களுக்குக் குலதெய்வம். அதனால பொண்ணுங்களுக்குக் காவேரின்னும் காவேரம்மான்னும் பேர் வைப்பாங்க, பையனுக்குக்கூடக் காவேரப்பா உண்டு.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் நடுவுல, சூரியன் துலா ராசிக்குள்ள நுழையுற நேரத்துல, தலைக்காவேரியில அந்தச் சின்னக் குளத்துல தண்ணி பொங்கி வர்றதைப் பார்க்கக் கூட்டம் அம்மும். எங்களுக்கு அதுதான் ஐப்பசி பொறக்கிற நேரம். அந்த மாசம் பூரா மாயவரம் துலாக்கட்டத்துல முழுக்கு. மாசக் கடைசியில கடைமுகம், கார்த்திகை ஒண்ணாம் தேதி முடவன் முழுக்கு. ஆறு சுமார் 800 கிலோமீட்டர். ஒரு முனையில ஒரு கூட்டம், இன்னொரு முனையில இன்னொரு கூட்டம், ரெண்டுக்கும் ஒரே மாசம். சின்ன வயசுல துலாக்கட்டத்துல முங்கி எழுந்தவன்தான் நான். மேல குடகுலயும் அதே மாசத்தைக் கும்பிடுறாங்கன்னு பெங்களூர் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. மனுஸ்மிருதி மூணாவது அத்தியாயத்துல, எந்த மாதிரிப் பொண்ணைக் கட்டக் கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு. நட்சத்திரப் பேரு, மரத்துப் பேரு, ஆத்துப் பேரு வெச்ச பொண்ணெல்லாம் வேண்டாமாம்! ரோகிணியும் கங்காவும் யமுனாவும் காவேரியும் இல்லாத ஊர் எது? ஜனங்க அதைக் காதுலயே வாங்கிக்கலைன்னு தெரியுது. ஒரு பேரை வேண்டாம்னு சாஸ்திரமே சொன்னாலும் நம்ம பாட்டிகள் பயப்படலை. நான்தான் டிவி நியூஸைப் பார்த்துப் பயந்தேன்.

பாட்டிகள் காலத்துல இந்தப் பேருக்கு நம்ம பக்கம் நல்ல மவுசு. 1955ல சிவாஜியும் பத்மினியும் நடிச்ச படத்துக்கே 'காவேரி'ன்னு பேரு. இப்ப நம்ம வீடுகள்ல அது கிழவிப் பேரா ஆயிடுச்சு. நான் பார்த்த வரைக்கும் கர்நாடகாவுலதான் அது இன்னும் சின்னப் பொண்ணுங்க பேரா இருக்கு. நான் பயந்ததுல இருக்கிற முட்டாள்தனம் இங்கதான். காவேரின்னு பேர் வெச்சா நம்மளைத் தமிழன்னு காட்டிக் கொடுத்துடும்னு நெனச்சேன். ஆனா இந்த ஊர்ல காவேரின்னு சொன்னா, "நிம்து கொடகா, மண்டியாவா?"ன்னுதான் கேட்பாங்க. தமிழ்ப் பேருன்னு யாருக்கும் தோணவே தோணாது!

இந்த ஊரைச் சுத்திப் பாருங்க. முதலமைச்சர் அரசு இல்லத்துக்குப் பேரு காவேரி. குடிநீர் வாரியம் இருக்கிற கட்டடம் காவேரி பவன். எம்.ஜி. ரோடுல சந்தன மரப் பொம்மை விக்கிற கடை காவேரி எம்போரியம். பத்திரப் பதிவுக்குப் போனா அந்த சாஃப்ட்வேர் பேரு காவேரி. நம்ம நாட்டுப் போர் விமானத்துக்குன்னு பெங்களூர்ல உருவாக்கின எஞ்சினுக்கும் காவேரி, அது தேஜஸ்ல ஏறாமப் போனது வேற கதை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனா புரோக்கர் முதல்ல சொல்றது, "சார், காவேரி இருக்கு, போர்வெல்லும் இருக்கு." குழாய்ல வர்றதே காவேரி. 1974ல முதல் கட்டம் வந்துச்சு, அஞ்சாம் கட்டம் 2024 அக்டோபர்ல திறந்தாங்க, நாளைக்கு 77.5 கோடி லிட்டர். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துலேர்ந்து, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் பண்ணி மேல ஏத்தி வருது.

இங்க ஒரு உண்மையைச் சொல்லியாகணும். 2018 பிப்ரவரி 16ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல கர்நாடகாவுக்கு 14.75 டிஎம்சி கூடுதலாக் கெடைச்சுது. அதுல 4.75 டிஎம்சி பெங்களூர் குடிநீருக்கு. தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது 192லேர்ந்து 177.25 டிஎம்சியாக் கொறைஞ்சுது. அந்தக் குடிநீரைக் குடிக்கிறவங்கள்ல நானும் ஒருத்தன். ஊர்ல அண்ணன் கடைமடையில தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கான், தம்பி நான் இங்க ஷவரைத் திறந்து விட்டுக் குளிக்கிறேன். ஊருக்குப் போனா அண்ணன் பக்கம் பேசறேன், இங்க வந்தா ஷவரைத் திறக்கிறேன். இந்தத் தகராறுல எனக்குன்னு சுத்தமான ஒரு பக்கம் கிடையாது. பெங்களூர்த் தமிழர்கள் பல பேருக்கு இதே நெலமைதான், வெளிய சொல்லிக்கிறதில்ல.

அதுக்காகப் பயமே வீண்னு சொல்ல மாட்டேன். 1991 டிசம்பர்ல, நடுவர் மன்ற இடைக்கால உத்தரவு கெஜட்ல வந்த பிறகு இந்த ஊர்ல நடந்தது சாதாரண விஷயமில்ல. உயிர் போச்சு, வீடு போச்சு, ராத்திரியோட ராத்திரியா ஓசூர் தாண்டி ஓடின குடும்பங்கள் உண்டு. அவங்ககிட்ட போய் "தைரியமாப் பேர் வைங்க"ன்னு சொல்ல ஏசி ரூம்ல பொட்டி தட்டுற எனக்கு யோக்யதை இல்ல. அல்சூர் திருவள்ளுவர் சிலையை நெனச்சுப் பாருங்க. 1991லயே தயாரா இருந்த சிலை, 18 வருஷம் துணி சுத்தியே நின்னுச்சு. 2009 ஆகஸ்ட் 9ந் தேதிதான் திறந்தாங்க. நாலே நாள்ல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தாங்க. திறந்த பிறகு ஒண்ணும் ஆகலை. வள்ளுவர் அவர் பாட்டுக்கு ஏரிக்கரையில உக்காந்திருக்கார்.

என் பொண்ணு பேருக்கும் நான் அப்படித்தான் துணி சுத்தி வெச்சிருக்கேன்.

வெளியூர்ல இருக்கிற நாம பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது ரெண்டு விஷயம் பார்க்கிறோம். ஒண்ணு, அந்த ஊர்க்காரன் வாயில நுழையுமா. இது நியாயம். 'ழ'வை வெச்சுட்டு அமெரிக்காவுல பிள்ளை படுற பாட்டை அங்க இருக்கிறவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். ரெண்டாவது, எந்த ஊர்க்காரங்கன்னு தெரியாம இருக்குமா. இதுதான் என்னை உறுத்துது. எங்க தெருப் பிள்ளைங்க பத்து பேரை நிக்க வெச்சுப் பேர் கேட்டா, எது தமிழ் வீடு, எது தெலுங்கு வீடு, எது ஹிந்தி வீடுன்னு சொல்ல முடியாது. எல்லாம் ஷ, க்ஷ, வி, கா. பிடிச்சு வெச்சவங்களைச் சொல்லலை. என்னை மாதிரி ஒளிஞ்சுக்க வெச்சவங்களைச் சொல்றேன். பாட்டி பேர் ரெண்டு ஊருக்கும் பொதுவா இருந்தும், அதை வெச்சா வம்புன்னு ஒதுக்கிட்டேன். அண்டை வீட்டுக்காரங்களைப் பத்தி நானே தப்புக் கணக்குப் போட்டேன், அதுவும் என் காரை ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தின அதே வீட்டை.

அந்த வீட்ல ஒரு அஜ்ஜி இருக்காங்க, அங்கிளோட அம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் பொண்ணை "காவேரி, உள்ள வா"ன்னு கத்திக் கூப்பிட்டேன். அஜ்ஜி காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "யாரு காவேரி?"ன்னாங்க. சொன்னேன். "நம்ம அத்தே ஹெசரு காவேரம்மா! இஷ்டு தின யாக்கே ஹேளலில்லா?"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. அவங்க மாமியார் பேராம், இத்தனை நாளா ஏன் சொல்லலையாம். அன்னிலேர்ந்து அவங்களுக்கு என் பொண்ணு காவேரம்மாதான். மாமியார் பேரைச் சொல்லி அதட்ட ஒரு சான்ஸ் கெடைச்ச சந்தோஷமோ என்னவோ :)

ஹோம்வொர்க் முடிஞ்சுது. நடந்ததைப் பொண்ணுகிட்ட ஒளிக்காமச் சொன்னேன். "பயந்துட்டியாப்பா?"ன்னு கேட்டா. "ஆமாம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, பக்கத்து மேல 'எனக்கு ரெண்டு பேரு'ன்னு தலைப்புப் போட்டு எழுத ஆரம்பிச்சா. ஸ்கூல் பேருக்கு ரெண்டு வரி, அப்பாயி பேருக்கு ஒரு பக்கம். ரெக்கார்டுல காவேரியைச் சேர்க்கணும்னா அஃபிடவிட், பேப்பர் விளம்பரம், அலைச்சல்னு சொல்றாங்க. அலைஞ்சா அலைஞ்சுட்டுப் போறேன், ஒன்பது வருஷம் சும்மா இருந்தவன்தானே. முதல் வேலையா அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரிடா"ன்னார். அவ்வளவுதான், ஆனா குரல் மாறிடுச்சு.

எழுதி முடிச்சுட்டுப் பொண்ணு கடைசியா ஒரு சந்தேகம் கேட்டா. "தாத்தா காவேரிங்கிறார், தமிழ்ப் புத்தகத்துல காவிரின்னு இருக்கு. எதுப்பா சரி?"

பட்டினப்பாலையில காவிரின்னு வருது, சிலப்பதிகாரம் கானல் வரியில காவேரின்னு வருது. ரெண்டும் சரிதாண்டி, எழுதுன்னேன்.